இரண்டு காய்ச்சலும் ஒரு கணக்கும்

அய்யா துணை.

மக்கா,

ஒடிசாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று நேற்று போனில் சொன்னாய். சொல்லிவிட்டு, "அப்பா, மனசோடதான் அனுப்புறீங்களா, இல்ல நான் அடம் பிடிக்கேன்னு விட்டுட்டீங்களா?" என்று கேட்டாய். மனசோடதான். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படித்துவிடு. போனிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதிப் போட்ட பஸ்ஸில், ஓட்டுநர் சீட்டில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். திடீரென்று ஒரு கேள்வி வந்தால் எனக்குப் பதில் வராது, பார்வை ரோட்டுக்குத்தான் போகும். எழுதினால் கொஞ்சம் வரும். நம் ஊர் வாசகசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பையன்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு எழுதுகிற இதையே அவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பெண்பிள்ளையைக் கணக்குப் படிக்க வைத்து என்ன கண்டீர் என்று என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த மலரை வாங்குகிறவர்கள்தான்.

நீ சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, பூச்சி கடித்து வருகிற காய்ச்சல்களுக்கு "மாத்தமாட்டிக்கல் மாடலிங்" செய்கிறேன் என்று சொன்னபோது, எங்களுக்குப் பிடிபட்டது அந்தக் கடைசிச் சொல் ஒன்றுதான். அதனால் வந்த வினையும் உனக்குத் தெரியும். கோட்டாற்று ஜவுளிக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் ஏறக்குறையப் பேசி முடிகிற நேரம். ஒரு கல்யாண வீட்டில் பையனுடைய அம்மா உன் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "பிள்ள மாடலிங் செய்யுகாளாமே, போட்டோவுக்கெல்லாம் நிப்பாளோ?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லவும் மனம் வராது. "அது கொசுவுக்குள்ள மாடலிங்காக்கும்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. நீ கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்புதான். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த லீவுக்கு நீ வந்ததும் மரச்சீனிக் கிழங்கையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்து, "ஏட்டி, நீ செய்யுக வேல என்னதுன்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு. நாளைக்கு எவளாவது கேட்டா நான் மறுமொழி சொல்லணும்" என்றாள்.

நீ சொன்ன விதம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒரு வீட்டுல நாலு அறைன்னு வச்சுக்கோங்கம்மா. முதல் அறையில சொகமா இருக்கவங்க. ரெண்டாவதுல கொசு கடிச்சு டெங்கு வந்தவங்க. மூணாவதுல உண்ணி கடிச்சு உண்ணிக் காய்ச்சல் வந்தவங்க. நாலாவதுல ரெண்டும் ஒண்ணா வந்தவங்க. ஆளுங்க ஒரு அறையில இருந்து அடுத்த அறைக்கு என்ன வேகத்துல போறாங்கன்னு கணக்குப் போடுறது பாதி வேல. கையில இருக்க காசுக்கு எந்தக் கதவ முதல்ல அடைச்சா கூடுதல் பேரு தப்புவாங்கன்னு பாக்குறது மீதி." காசு நிறைய இருந்தால் எல்லாக் கதவையும் அடைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். "காசு நிறைய இருக்க இடத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம்ப்பா. கொஞ்சமா இருக்க இடத்துக்குத்தான்" என்றாய். உன் அம்மா கிழங்கு வெட்டுவதை நிறுத்தாமல், "செரி, அந்த நாலாவது அறையில எத்தன பேரு கெடக்கா?" என்றாள். "அதுதான்ம்மா செரியாத் தெரியாது. ரத்தத்துல டெங்குன்னு வந்தாச்சுன்னா அதோட தேடுறது நின்னு போகும். உள்ள இன்னொண்ணு இருந்தாலும் வெளிய வராது. உண்ணிக் காய்ச்சலுக்கு வெல கொறஞ்ச பழைய மருந்து இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சாத்தான குடுப்பாங்க?" என்று நீ சொன்னாய். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. கிழங்கும் மீன்குழம்பும் நன்றாக இருந்தது; தின்றுவிட்டுப் படுத்தேன்.

அந்த லீவில்தான் பஞ்சாயத்துக் கூட்டம் நடந்தது. காய்ச்சல் தடுப்புக்கு என்று கொஞ்சம் பணம் வந்திருந்தது. அதில் புகை அடிக்கிற மிஷின் வாங்க வேண்டும் என்று வார்டு மெம்பரான உன் சுயம்பு மாமா ஒற்றைக் காலில் நின்றார். தன் அக்காள் மகள் இதைப் பற்றித்தான் படிக்கிறாள், அவளும் வந்து சொல்லட்டும் என்று பெருமையாக உன்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். நீ நாலு வார்த்தை புகழ்ந்து பேசுவாய் என்று நினைத்திருப்பார். நீ எழுந்து, புகை அன்று சாயங்காலம் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டின சிரட்டைகளில் மழைத் தண்ணீர் தேங்கி அதில் வளர்கிற கொசு மறுநாள் பறக்கும் என்றாய். புதரில் இருக்கிற உண்ணிக்குப் புகை ஏறவே ஏறாது என்றாய். பால்வெட்டு இல்லாத மழை நாளில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவும், வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டவும், காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பரிசோதிக்கவும் அந்தப் பணத்தைப் பிரித்தால் இரண்டு கதவும் அடைபடும் என்று சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புகையால ஒரு பிரயோசனமும் இல்ல, வெறும் கண்துடைப்பு" என்றும் சொன்னாய்.

மாமா முகம் கறுத்துப் போயிற்று. "புக அடிச்சாத்தான் மக்கா சனத்துக்கு நம்மள கண்ணுல தெரியும். நீ சிரட்டையக் கவுத்துனா எவன் பாக்கான்?" என்றார். "பாக்க வேண்டாம் மாமா, காய்ச்சல் வராம இருந்தாப் போதும்" என்றாய் நீ. "வராத காய்ச்சலுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்று மாமா திருப்பிக் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் நானும் இருந்தேன். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நீ நின்றுகொண்டே இருந்தாய், பிறகு உட்கார்ந்தாய். மிஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. ரயிலேறுகிற அன்றைக்குத்தான், "எனக்கு இந்த ஊருக்குக் கணக்குப் போட வேண்டாம்ப்பா. எங்கேயாவது தெரியாத ஊருக்குப் போடுகேன்" என்றாய். மாமாவும் அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. அக்காளைப் பார்க்க வேண்டுமென்றால், அவள் பால்வெட்டு வேலைக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் கீரிப்பாறையில் பால் வெட்டிவிட்டு வந்த உன் அம்மா, பாத்திரத்தைக்கூடக் கழுவி வைக்காமல், "மேலுக்கு சொகமில்ல" என்று பாயை விரித்தாள். அவள் அந்த நேரத்தில் படுத்து நான் பார்த்ததில்லை. தொட்டால் சுட்டது. கஷாயம், கஞ்சி என்று பார்த்து, அடங்காமல் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் பார்த்து டெங்கு என்றார்கள். சொன்னால் நம்ப மாட்டாய், அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. என்னவென்று தெரியாமல் பயப்படுவதற்கு, பேர் தெரிந்த ஒன்று பரவாயில்லை இல்லையா? பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கும் அதுதான். அவள் தேறி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நம் முறையும் வரும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். மாமா பப்பாளி இலைச் சாற்றோடு வந்து வராந்தாவில் நின்றார். அதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் திருப்பிக் கொடுத்த பிறகும், அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

டெங்கு இறங்க வேண்டிய நாள் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தாள். அன்று மத்தியானம் என்னை உற்றுப் பார்த்து, "டிரைவர் அண்ணே, வண்டி எப்ப எடுப்பிய? நேரமாயிட்டு, மேஸ்திரி வைவாரு" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் கீரிப்பாறை வண்டி ஓட்டிய காலத்தில், முதல் ஷிப்ட்டுக்கு ஏறுகிற பெண்களில் ஒருத்தியாக அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "இப்ப எடுத்துருவேன், நீ உக்காரு" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாமா என்ன என்று கேட்டார். அப்போது நீ போன் செய்தாய்.

நான் அழுவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டாய். பிறகு உன் குரலே மாறிவிட்டது. பதற்றம் இல்லை, அன்பு காட்டவும் இல்லை, வேலை செய்கிற குரல். "அப்பா, அழாதீங்க, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காய்ச்சல் நடுவுல ஒரு நாளாவது விட்டுச்சா? அம்மா மேலுல எங்கயாவது கரிஞ்ச புண்ணு மாதிரி, சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கா? வலிக்காது, அதனால அவங்களே சொல்ல மாட்டாங்க." எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப டாக்டர்ட்ட போனக் குடுங்க" என்றாய். டாக்டரம்மா சின்ன வயசு, ராத்திரியும் பகலும் அங்கேயே நிற்கிற ஆள். போனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆமா… ஆமா… எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. காலையில பார்த்தோம், புண் ஒண்ணும் தெரியல்ல. உங்க தோட்டப் பக்கம் ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டா?" நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரி, இன்னொருக்கா முழுசா பாக்கேன்" என்று சொல்லிப் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நர்ஸையும் கூட்டிக்கொண்டு திரையை இழுத்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் நானும் மாமாவும் நின்றோம். போன் வைக்கப்படவில்லை, அந்த முனையில் நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. திரையை விலக்கி டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "இருக்கு" என்றார். இடுப்பில், பாவாடை நாடா முடிச்சு விழுகிற இடத்துக்குக் கீழே, நாடாவின் தழும்போடு தழும்பாக, ஒரு கறுத்த பொருக்கு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: மழை தொடங்கின புதிதில், அட்டை கடித்துவிட்டது என்று சொல்லி அந்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டாள். தோட்டத்தில் அட்டைக்கடி யார்தான் பார்க்காதது? போனில் "இருக்காம் மக்கா" என்றேன். "செரிப்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, "ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மருந்த இப்பவே தொடங்குறேன்" என்றார். நீ அன்றைக்கே ரயில் ஏறினாய்.

மறுநாள் முழுக்க எந்த மாற்றமும் இல்லை. மாமா வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. கீழே போய் டீ வாங்கி வருவார், குடிக்க மறந்து ஆறவிடுவார். நீ வந்து உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவள் உன்னையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மருந்து பிந்திப் போயிற்றோ என்று என்னிடம் கேட்காமல் டாக்டரம்மாவிடம் கேட்டாய். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறாய். அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது உன் அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. நீ தொட்டுப் பார்த்தாய். சில்லென்று இருந்ததும் நீ பயந்துபோய் என்னைப் பார்த்தாய். உன் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, நீ என்னத்துக்குப் படிப்ப விட்டுப்போட்டு வந்து நிக்க? தின்னியா?" என்றாள். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "இவரு இது என்ன கோலத்துல நிக்காரு? ஒரு ஷேவ் செய்யப்படாதா?" என்றாள்.

'அண்ணே' போய் 'இவரு' திரும்பி வந்துவிட்டது, மக்கா. அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். நீ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். பஞ்சாயத்தில் எல்லோரும் சிரித்தபோது அழாத பிள்ளை. உன் அம்மா, "இப்ப என்னத்துக்கு அழுகா? நான் செத்தா போயிட்டேன்?" என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் சிரித்தாள், நான் சிரித்தேன், வராந்தாவிலிருந்து ஓடி வந்த மாமா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு நின்றார். உண்ணிக் காய்ச்சலும் உண்டு என்று ரிசல்ட் பிறகு வந்தது. அதற்குள் அவள் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்கத் தொடங்கியிருந்தாள். மட்டிப்பழம் வாங்கி வந்து உரித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது எனக்கு.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்; "எழுதுங்க அத்தான், பிள்ளைக்குத் தெரியட்டு" என்றார். மாமாவுக்கு இப்போது இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு மூத்ததாக ஒரு மகன் இருந்தான். நீ கைக்குழந்தை, அவன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. அந்த வருஷ மழையில் காய்ச்சல் பரவியது. கீழே ஊர்களிலெல்லாம் புகை அடித்தார்கள். மேலே வருகிற ரோடு மழையில் அறுந்து கிடந்ததால் நம் பக்கம் வண்டி வரவில்லை. மாமா ரோட்டில் போய் நின்று காத்துக் கிடந்தார். பையன் போய்விட்டான். அது என்ன காய்ச்சல் என்று அன்றைக்கு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியாது. அந்தப் புகை வந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான் என்று மாமா இத்தனை வருஷமும் நம்பி வந்திருக்கிறார். மெம்பர் ஆனதே அந்த மிஷினுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். "ஒரு பிரயோசனமும் இல்ல" என்று நீ சொன்ன சொல் போய் விழுந்த இடம் அது. உன் கணக்கில் தப்பில்லை. ஆனால் நீ போகிற ஒவ்வொரு மலையிலும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சுயம்பு மாமா இருப்பார். அவரிடம் கணக்கைச் சொல்வதற்கு முன்னால், எதற்காக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. முதலில் தெரிகிற காரணத்தோடு தேடலை நிறுத்தக் கூடாது என்பது நீ எங்களுக்குச் சொன்ன பாடம்தானே? அதை ஆட்களிடமும் வைத்துக்கொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், நம் வீட்டுப் படியேறி வந்து மாமா உன் முன்னால் உட்கார்ந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, உனக்குத் தெரியும் அவரை. "அந்தக் கணக்க எனக்கு இன்னொருக்கா சொல்லு மக்கா. பைய சொல்லு" என்றார். நீ லேப்டாப்பைத் திறக்காமல், மறுபடியும் நாலு அறையிலிருந்து தொடங்கினாய். உன் அம்மா கட்டிலில் படுத்தபடியே, "அந்த நாலாவது அறையில நான் கெடந்தேன்லா, எனக்குத் தெரியும்" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷினுக்கு அதுவரை ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. பக்கத்துப் பஞ்சாயத்து மிஷினைத் தேவைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம், காய்ச்சல் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியும் மட்டும் புகை அடித்தால் போதும் என்று நீ சொன்னாய். புகையை முழுக்க வேண்டாமென்று நீ தள்ளாததை மாமா கவனித்தார். அவரே பஞ்சாயத்தில் பேசி முடிவை மாற்ற, மீதிப் பணம் சிரட்டைக்கும் புதருக்கும் பரிசோதனைக்கும் போயிற்று. ஆட்டோவில் மைக் கட்டி, "சிரட்டையக் கவுத்து, காய்ச்சலக் கவுத்து" என்று மாமாவே கூவிக்கொண்டு போனார். ஓட்டுக் கேட்டபோதுகூட அவர் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

முதலில் நீ போட்ட கணக்கு சரியாக வரவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீயே என்னைத் திருத்துவாய். எல்லோரும் எல்லாச் சிரட்டையையும் கவிழ்ப்பார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தாய். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் மாமாவோடு நடந்து பார்த்தபோது, வீட்டுக்குப் பக்கத்து மரங்களில் கவிழ்ந்திருந்தது, மேட்டில் தூரத்து மரங்களில் தண்ணீரும் கூத்தாடிப் புழுவும் அப்படியே இருந்தது. யாரையும் குறை சொல்லாமல் திரும்பி வந்து, "ஆளுக்குச் சலிப்பு வரும்னு கணக்குல சேக்கணும்ப்பா" என்று மறுபடி போட்டாய். வீடுகளைச் சுற்றி இருக்கிற மரங்களை முதலில் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலான பலன் கிடைக்கும் என்று வந்தது. அதை எல்லோரும் செய்தார்கள், செய்ய முடிகிற காரியம் என்பதால். போன மழைக்கு நம் பக்கத்திலிருந்து காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் குறைவு. உன் கணக்கு ஜெயித்துவிட்டது என்று நான் குதித்தேன். "ஒரு வருசத்த வச்சு அப்படிச் சொல்லப்படாதுப்பா, மழையும் கொறவுதான்" என்றாய். அந்த இடத்தில்தான், மக்கா, உன்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. தனக்குச் சாதகமாக வந்ததையும் சந்தேகப்படத் தெரிந்த பிள்ளைக்கு வழி தப்பாது.

ஒடிசாவில் மலையடிவாரத்தில் மலேரியாவும் டெங்குவும் சேர்ந்து வருகிறது, அங்கே பணம் இன்னும் கம்மி என்று சொன்னாய். போய் வா. பாஷை தெரியாதே என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். நான் வெளியூர் வண்டி ஓட்டின காலத்தில் பாஷை தெரியாத இடத்தில் பசிக்கு ஒரு குறையும் வந்ததில்லை, வயிற்றைக் காட்டினால் போதும். நீயும் சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடு. புதருக்குள் போனால் முழுக்கால் சட்டையும் மூடின செருப்பும் போடு. வந்ததும் குளித்து, மேலில் கடி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். காய்ச்சல் வந்தால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. கல்யாணத்தைப் பற்றி நான் பேச மாட்டேன். மாடலிங் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு வீடு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். உன்னைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் அங்கேயும் இருக்கும். சிரித்து முடிக்கும் வரை நின்றுகொண்டிரு, அது உனக்கு வரும். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பாமல், அந்த ஊரிலேயே மறுநாளும் போய் நில். அதையும் நீ இங்கே ஒரு தடவை செய்துவிட்டாய், ஆகையால் அதுவும் வரும்.

இன்றைக்குச் சாரல். பால்வெட்டு இல்லை. உன் அம்மா சீக்கிரமாகச் சோறு வடித்து, தின்று, நீ போகிற அன்றைக்குக் கட்டிக் கொடுக்க முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டு, கூடத்தில் தலைக்கு முந்தானையைச் சுருட்டி வைத்துப் படுத்தாள். நன்றாகக் குறட்டை விடுகிறாள். உனக்குத் தெரியும், முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். இப்போது போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அரிசி ஊறிவிட்டது. மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும், எழுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.

உன் அப்பா